இருபத்து மூன்றாம் எண் பஸ் வீட்டுக்கு வந்த நாள்

டிப்போவில் அவளுக்கு அரை டிக்கெட் என்று பெயர். யார் வைத்தது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் பக்கத்தில் நிற்பவரைக் கை காட்டுவார்கள். உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. வயது இருபத்து நான்கு. ஓட்டுவதோ பன்னிரண்டு மீட்டர் நீளத்தில், எழுபது பேர் ஏறக்கூடிய பஸ். தூரத்தில் வரும்போது வண்டி ஆளில்லாமல் வருவதுபோல் இருக்கும். நிறுத்தத்தை நெருங்கிய பிறகே ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு தொப்பியும் அதற்குக் கீழே இரண்டு கண்களும் தென்படும்.

தொப்பி அழகுக்கு அல்ல. குளிர் விலகி வெயில் தலைகாட்டும் இந்த வாரங்களில் காலைச் சூரியன் தாழ்வாக வந்து நேரே முன் கண்ணாடிக்குள் நுழைகிறது. பஸ்ஸின் வெயில் மறைப்பை முழுக்க இறக்கினாலும் அது அவள் நெற்றிக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிடும். இருக்கையும் அப்படித்தான். முந்தைய இரவு ஷிஃப்டில் அதே வண்டியை ஓட்டுகிறவர் ஆறடி இரண்டு அங்குலம். கொக்கு என்று பெயர். அவர் இறக்கிப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போன இருக்கையை அவள் தினமும் காலை ஐந்து இருபதுக்குக் கடைசிவரை மேலே ஏற்றி, கடைசிவரை முன்னே இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்காருவாள். இரண்டு நிமிடம் ஆகும். அதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு நடை: டயர், விளக்கு, கதவு, மணி, சக்கர நாற்காலிக்கான சாய்பலகை. ஐந்து முப்பத்தைந்துக்கு வெளிவாசலைத் தாண்டிவிடுவாள்.

இருபத்து மூன்றாம் எண் தடம் ரயில் நிலையத்தில் புறப்பட்டு, ஆஸ்பத்திரி, பல் கிளினிக், மருந்துக்கடை முனை, லைப்ரரி, விளையாட்டுத் திடல் வழியாகப் புதுக் குடியிருப்பில் போய் முடிகிறது. முழுத் தடத்துக்கும் முப்பத்தெட்டு நிமிடம். ஒரு நிமிடம் பிந்தலாம், முந்தவே கூடாது. முந்திப் போய்விட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடி வருகிறவரின் சாபம் பொல்லாதது என்பது டிப்போவில் எல்லாரும் நம்பும் விஷயம்.

இந்த மாதத்துக்கென்று சில தொல்லைகள் உண்டு. காலையில் ஏறுகிறவர்கள் ஹீட்டர் போடச் சொல்வார்கள். பத்து மணிக்கு ஏறுகிறவர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மூடுவார். திறப்பதும் மூடுவதுமாக நடுவழியில் ஒரு மௌன யுத்தம். தடிமனான கோட்டைக் கழற்றவும் மனமில்லாமல் போட்டிருக்கவும் முடியாமல் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கி வந்தவர்கள்போல் உட்கார்ந்திருப்பார்கள். தக்காளி நாற்றுத் தட்டைக் காலடியில் வைத்துக்கொண்டு ஒருவர் வாரம் இரண்டு முறை வருகிறார். வளைவுகளில் தட்டு நகரும். அவர் தட்டைப் பிடித்துவிட்டுக் கண்ணாடி வழியாக அவளை ஒரு பார்வை பார்ப்பார். அவருக்காகவே அவள் வளைவுகளில் இன்னும் கொஞ்சம் மெதுவாகத் திரும்பப் பழகியிருந்தாள்.

வேலையில் சேர்ந்து ஐந்து மாதம் மூன்று வாரம். ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் பணி அட்டையில் மூன்று சிவப்புப் புள்ளி விழுந்தால் நிரந்தரக் கடிதம் கிடையாது. இன்னொரு ஆறு மாதம் இதே கதை. அவளுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது. ஒன்று, ரயில் நிலையத்திலிருந்து ஒரு நிமிடம் முந்திப் புறப்பட்டதற்கு. இன்னொன்று, தாழ்ந்து தொங்கிய கிளையில் பஸ்ஸின் கூரை உரசியதற்கு.

மூன்றாவதைப் பற்றி அவள் ஏன் அவ்வளவு பயந்தாள் என்பதற்குக் காரணம் ஓர் அறை. லைப்ரரி நிறுத்தத்துக்கு எதிரே ஒரு லாண்டரி இருக்கிறது. அதன் மாடியில் ஒற்றை அறை. ஜன்னலில் 'வாடகைக்கு' என்று எழுதிய அட்டை. சிவப்பு விளக்கில் நின்ற இருபது வினாடியில் பஸ்ஸிலிருந்தபடியே அதைப் பார்த்தாள். அன்று மதியமே போய்ப் படியேறினாள். லாண்டரிக்காரருக்கு ஒரே ஒரு நிபந்தனை: நிரந்தர வேலை என்று காட்டும் கடிதம். "வெள்ளிக்கிழமை வரைக்கும் வேற யாருக்கும் காட்ட மாட்டேன். அதுக்கு மேல என்னைச் சொல்லிக் குத்தமில்ல," என்று சொல்லியிருந்தார்.

வீட்டில் அவளுக்கு அறை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அறையில் கல்யாணமாகிப் போன அக்காவின் பெட்டிகள் ஆறு. கட்டிலுக்கு அடியில் நான்கு கம்ப்ரசர். அப்பா ஃப்ரிட்ஜ் மெக்கானிக். பழைய சாமான் எதையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாதது குழாய்தான். அவள் நாலேகாலுக்கு எழுந்து முகம் கழுவக் குழாயைத் திறந்தால் அது வீடு முழுக்கக் கேட்கும்படி அலறும். அப்பா புரண்டு படுப்பார். அம்மா எழுந்துவிடுவாள். பல் கிளினிக்கில் போனை எடுத்து நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை அம்மாவுக்கு. ஒன்பது மணிக்குப் போனால் போதும். இருந்தும் ஐந்தரை மாதமாக நாலேகாலுக்கு எழுந்து, மகள் ரொட்டி தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் போனா நீ ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்மா," என்று அறையைப் பற்றிச் சொன்ன அன்று அவள் சொன்னாள்.

"தூங்கி என்ன பண்ணப் போறேன்," என்று அம்மா சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம், அப்படி ஓர் அறை உலகத்திலேயே இல்லை என்பதுபோல் இருந்தாள்.

"உங்கம்மா பேசலைன்னா சம்மதம்னு நெனச்சுக்காத," என்றார் அப்பா. "அது நோட்டீஸ்."

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், ஷிஃப்டின் கடைசி ஓட்டம். ஒன்று ஏழுக்குப் பல் கிளினிக் நிறுத்தத்தில் அம்மா நின்றிருந்தாள். அது நடக்காத காரியம். மதியம் ஒரு மணிக்கு அப்பா வேனில் வந்து அம்மாவை அழைத்துப் போவதுதான் வழக்கம். மகள் ஓட்டும் பஸ்ஸில் அம்மா ஒரு நாளும் ஏறியதில்லை. வயிற்றைக் கலக்கும் என்பாள்.

"உங்கப்பா கேட்டக் கழட்டி வாசலுக்குக் குறுக்கப் போட்டுப் பெயிண்ட் அடிக்கறாராம்," என்றாள் ஏறிக்கொண்டே. "வேன் உள்ள மாட்டிக்கிச்சு. காய்ற வரைக்கும் எடுக்க முடியாதாம். போன்ல சொல்றார், பெரிய சாதனை மாதிரி."

அப்பாவுக்கு இது சும்மா இருக்கும் மாதம். ஹீட்டர் ரிப்பேர் முடிந்துபோய், குளிர்சாதன ரிப்பேர் இன்னும் தொடங்காத இடைவெளி. கை சும்மா இருக்காமல் வீட்டில் ஒழுங்காக இருக்கிற எதையாவது கழற்றுவார்.

"பஸ் அட்டைய அந்த மெஷின்ல வைம்மா."

அம்மா வைத்தாள். மெஷின் கத்தியது. "கத்துது. போதுமா?"

"போதும். பின்னாடி போய் உக்காரு."

அம்மா பின்னால் போகவில்லை. டிரைவருக்கு அந்தப் பக்கம், முன் வரிசையில் இருந்த ஒற்றை இருக்கையில் உட்கார்ந்தாள். அவள் கண்ணுக்கு நேரே ஒரு பலகை: 'வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்கள்.' உதடு அசைய அதைப் படித்தாள். பிறகு கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

வெளியே இதமான வெயில். தெருவோர மரங்களைப் போன வாரம்தான் நகராட்சி ஆட்கள் வந்து வெட்டிவிட்டுப் போயிருந்தார்கள். வெட்டுப்பட்ட கிளைகளின் நுனியில் அதற்குள் பச்சைப் பொட்டுகள். பஸ்ஸில் இருபத்து இரண்டு பேர். நாற்றுக்காரர் நடுவில் இருந்தார். பாதிப் பேர் அரைத் தூக்கத்தில்.

"அந்த ரூமுல வெயில் வருமா?"

கேட்டது அம்மாதான். பார்வை பலகையில் இருந்தது. கேள்வி மட்டும் இந்தப் பக்கம் வந்தது.

இரண்டு வாரத்தில் அந்த அறையைப் பற்றி அம்மா கேட்ட முதல் கேள்வி. பயணிகளிடம் பேசக் கூடாது என்பது டிரைவருக்கும்தான் விதி. ஆனால் இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் அடுத்த கேள்வி எப்போது வருமோ.

"வரும்மா. ஜன்னல் கிழக்கப் பாத்துதான்."

"காலைல நீ எங்க அங்க இருக்கப் போற?"

"லீவு நாள்ல இருப்பேன்ல."

"கீழ மெஷின் ஓடுமே, சத்தம்?"

"எட்டு மணிக்கு மேலதான் போடுவாங்களாம். நம்ம குழாயவிடக் கம்மிதான்."

"ம்," என்றாள் அம்மா. அந்த 'ம்'மில் சிரிப்பு இருந்ததா என்று மகள் யோசித்தாள். மருந்துக்கடையின் பச்சைப் பலகை தெரிந்தது. அம்மா கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியைத் தேடத் தொடங்கினாள். தேடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"பாத்துத் திரும்பு."

அவள் பார்த்தாள். திரும்பினாள்.

இந்த இரண்டு சொல்லுக்கு ஆறு வருஷக் கதை உண்டு. அப்பாவின் வேனில் அவள் ஓட்டப் பழகிய நாட்களில், மருந்துக்கடை முனையில் இடப்பக்கம் தங்கள் தெருவுக்குள் திரும்பும்போது ஒரு சைக்கிள்காரர் குறுக்கே பாய்ந்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து மகள் ஓட்டி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால், அந்த முனை வந்ததும் அம்மாவின் வாயிலிருந்து அது வந்துவிடும். தூங்கிக்கொண்டிருந்தாலும் வரும். ஆறு வருஷமாக அந்தச் சொல் கேட்டதும் மகளின் கை திரும்பும். அன்றும் இண்டிகேட்டர் போட்டாள், இரண்டு கண்ணாடியும் பார்த்தாள், அகலமாக எடுத்து, பின் சக்கரம் நடைபாதையில் ஏறாமல், நாற்றுத் தட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் திரும்பினாள். ஐந்தரை மாதத்தில் அவ்வளவு அழகாக ஒரு திருப்பம் அவளுக்கு அமைந்ததில்லை.

இருபத்து மூன்று நேராகப் போகவேண்டிய வண்டி.

முதலில் கவனித்தவர் நாற்றுக்காரர். "ஏம்மா, ரூட்ட மாத்திட்டாங்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவளின் கண்ணில் ஒரு மஞ்சள் தபால் பெட்டி பட்டது. அவர்கள் தெருவின் தபால் பெட்டி. அதற்கு அப்பால், சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு, இரண்டு மரத் தாங்கிகளின் மேல் படுத்திருந்தது ஈரம் காயாத பச்சை நிறக் கேட். அதன் பக்கத்தில் பிரஷ்ஷும் கையுமாக அப்பா.

வண்டியை நிறுத்தினாள். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டாள். ரேடியோவை எடுத்து டிப்போவின் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டாள்.

"கண்ட்ரோல், இருபத்து மூணு. தடம் மாறித் திரும்பிட்டேன்."

"எங்க இருக்க?"

"எங்க தெருவுல."

"யாரு தெருவுல?"

"எங்க வீட்டுத் தெருவுல."

ரேடியோவின் பின்னணியில் யாரோ சிரிப்பது கேட்டது. "சரி. ரிவர்ஸ் எடுக்காத. முன்னாடி வழி இருக்கா?"

"இருக்கு. தெரு வளைஞ்சு லைப்ரரிக்குப் பின்னாடி போய் மெயின் ரோட்டுல சேரும். கிளையெல்லாம் வெட்டியாச்சு, இடிக்காது. ஆனா ஒரு கேட்ட நகத்தணும்."

"என்ன கேட்டு?"

"எங்க வீட்டுக் கேட்டு."

அவள் எழுந்து பயணிகளைப் பார்த்து நின்றாள். "மன்னிச்சிடுங்க. தப்பான தெருவுல திரும்பிட்டேன். அஞ்சாறு நிமிஷம் லேட்டாகும்."

சீருடையில் இருந்த நர்ஸ் ஒருத்தி, "நான் டியூட்டி முடிஞ்சு போறவ. நிதானமா எடும்மா," என்றாள். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "வந்ததுதான் வந்துட்டோம், டீ கிடைக்குமா?" என்றது. அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் இப்போது முழு விழிப்பில் இருந்தார்கள்.

அப்பா பஸ்ஸைப் பார்த்தார். பஸ்ஸின் மேல் இருந்த எண்ணைப் பார்த்தார். பிறகு ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த தொப்பியைப் பார்த்தார்.

"என்னடி, வண்டிய வீட்டுல நிறுத்திட்டுச் சாப்பிட வந்தியா?" அப்புறம்தான் முன் கண்ணாடிக்குள் சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த மனைவியைக் கண்டார். "அடப் பாவமே, நீயும் இருக்கியா! வேன் வரலைன்னா பஸ்ஸையே கூட்டிட்டு வந்துடறதா?"

"என்னங்க, வாய மூடிட்டுக் கேட்டத் தூக்குங்க!" என்று அம்மா கத்தினாள்.

"ஈரமா இருக்கு!"

"இருக்கட்டும்!"

கதவு திறந்ததும் முதலில் இறங்கியவள் அம்மா. பின்னால் நாற்றுக்காரர். மூன்று பேர் தூக்கினார்கள். கேட் சுவரோரம் போனது. அம்மாவின் பழுப்பு நிறக் கோட்டின் வலது கைப்பகுதி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, பச்சையானது. அப்பா முன்னே நடந்து இரு கையாலும் வழி காட்ட, பஸ் நடந்துபோகும் வேகத்தில் நகர்ந்தது. நாற்றுக்காரர் ஏறிக்கொண்டார். அம்மாவும் ஏறினாள்.

"வீடு வந்துடுச்சேம்மா. இறங்கிக்கோயேன்."

"இது ஸ்டாப் இல்லையே," என்றாள் அம்மா, பலகையைப் பார்த்தபடி.

பஸ் வளைந்து லைப்ரரிக்குப் பின்னால் போய் மெயின் ரோட்டைப் பிடித்தது. ஏழு நிமிடத் தாமதம். அடுத்த நிறுத்தம் லைப்ரரி. அம்மா அங்கே இறங்கினாள். பஸ் கிளம்பும்போது மகள் கண்ணாடியில் பார்த்தாள். அம்மா வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. எதிரே லாண்டரிக்கு மேலே இருந்த ஜன்னலை, ஒரு பச்சைக் கையோடு, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

டிப்போவில் பணி மேற்பார்வையாளருக்கு நிமிஷம் சார் என்று பெயர். எதைச் சொன்னாலும் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பவர். நியாயமானவர் என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் யாரும் அவரிடம் போய் உட்கார ஆசைப்பட்டதில்லை.

மகள் எழுதிக் கொடுத்த அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தில் 'கவனக்குறைவு' என்று இருந்தது.

"இது எல்லாரும் எழுதறது," என்றார். "நடந்தது என்ன?"

"பழக்கத்துல வீட்டுப் பக்கம் திரும்பிட்டேன் சார்."

"அஞ்சரை மாசமா அந்த முனைய எத்தனை தடவை தாண்டியிருக்க? ஒரு நாளும் வராத பழக்கம் இன்னிக்கு எப்படி வந்துச்சு?" வண்டியின் கேமராவில் படம் மட்டும் பதிவாகும், ஒலி பதிவாகாது. அவர் அதைப் பார்த்திருந்தார். "முன் சீட்டுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. யாரு?"

"பயணி சார்."

"ஏதோ பேசற மாதிரி இருக்கே?"

"திரும்பினது நான்தான் சார்."

அவர் அறிக்கையை மடித்து வைத்தார். "நிறுத்தினது, கண்ட்ரோலுக்குச் சொன்னது, ரிவர்ஸ் எடுக்காதது எல்லாம் சரி. ஆனா திரும்பினதுக்குக் காரணம் உன்கிட்டதான்னா, புள்ளி வெச்சே ஆகணும். வெள்ளிக்கிழமை காலைல சொல்றேன்."

ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. தெருவில் அதற்குள் கதை கை கால் முளைத்துவிட்டதாம். எதிர் வீட்டில் அது இரட்டை மாடி பஸ்ஸாகியிருந்தது.

"மூணாவது புள்ளி விழுந்தா இன்னும் ஆறு மாசம்ப்பா," என்றாள் அவள். "ரூமும் போயிடும்."

அப்பாவின் சிரிப்பு அடங்கியது. ரொட்டியைப் பிய்த்தார். "ஆறு மாசம்தானே. இங்கயே இரேன். கம்ப்ரசருக்கும் துணையா இருக்கும்." பிறகு மனைவி பக்கம் திரும்பினார். "உனக்கென்ன, பொண்ணு வீட்ட விட்டுப் போகக் கூடாதுன்னு நெனச்ச. பஸ்ஸோட வந்து நின்னுட்டா."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. குழாய் மட்டும் ஓடியது.

"நெனைக்கல," என்றாள். "வாய் விட்டுச் சொன்னேன்."

"என்ன சொன்ன?"

அம்மா குழாயை மூடினாள். "சாயங்காலம் லாண்டரிக்காரன் கோட்டக் கொடுத்தான். பெயிண்ட் போகலையாம். அந்த ஆளுக்கு வேலை தெரியல." துணியில் கையைத் துடைத்தாள். "ரூம் பரவால்ல. ஜன்னலுக்குத் திரை இல்ல, அதான்."

மகளும் அப்பாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு நினைவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. மகள் அப்போது ரயில் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில் ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிஷம் சாரின் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பயணிகள் புகார் படிவம். ஒவ்வொரு பஸ்ஸிலும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியில் கிடக்குமே, அது. அழகான, நெருக்கமான எழுத்தில் நிரப்பியிருந்தது. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு நேரம் குறித்துக் கொடுப்பவளின் எழுத்து.

"உக்காருங்கம்மா. யார் மேல புகார்? டிரைவர் மேலயா?"

"இல்ல சார். பயணி மேல."

"எந்தப் பயணி?"

"நான்தான்."

நிமிஷம் சார் படிவத்தை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு சத்தமாக: "'ஓட்டுநருடன் பேசாதீர்கள் என்ற அறிவிப்பைப் படித்தேன். மூன்று நிமிடம் பேசாமல் இருந்தேன். அதன் பிறகு பேசினேன்.'" நிமிர்ந்தார். "மூணு நிமிஷம்னு எப்படித் தெரியும்?"

"எங்க கிளினிக்குலேருந்து மருந்துக்கடை முனைக்கு உங்க பஸ் நாலு நிமிஷம். கடைசி ஒரு நிமிஷம்தான் பேசினேன். ரூமப் பத்தி மூணு கேள்வி. நாலாவதுதான் 'பாத்துத் திரும்பு'."

அந்தத் துல்லியம் அவருக்குப் பிடித்துவிட்டது; முகத்தில் காட்டாமல் இருக்கச் சிரமப்பட்டார். சைக்கிள் கதையை அம்மா சொன்னாள். ஆறு வருஷத்தையும் சொன்னாள்.

"உங்க பொண்ணு உங்களப் பயணின்னுதான் சொன்னா."

"பயணிதானே சார்? டிக்கெட் எடுத்தேனே!"

"அது சரி. ஆனா யார் என்ன சொன்னாலும் திரும்பறதா? நாளைக்கு வேற யாராவது ஆத்துப் பக்கம் திரும்புன்னு சொன்னா?"

"வேற யார் சொன்னாலும் திரும்ப மாட்டா," என்றாள் அம்மா. "நானே அவகிட்ட எத்தனையோ சொல்லியிருக்கேன். முடி வெட்டாதன்னு சொன்னேன், ஆஃபீஸ் வேலைக்குப் போன்னு சொன்னேன், பஸ் ஓட்டாதன்னு சொன்னேன். ஒண்ணும் கேக்கல. இருபத்து நாலு வருஷத்துல நான் சொல்லி அவ கேக்கற ஒரே விஷயம் இதுதான் சார். அதுக்குப் போய் அவளுக்குப் புள்ளி வெச்சா எப்படி?"

நிமிஷம் சார் கண்ணாடியைக் கழற்றினார். அவள் கோட்டின் பச்சைக் கை மேசையில் கிடந்தது. கேமராப் படத்தில் ஏறும்போது பழுப்பாக இருந்து, கேட்டைத் தூக்கிவிட்டு வந்தபோது பச்சையாக இருந்த அதே கை.

"இத எழுதிக் கொடுக்கறதுல உங்களுக்கு என்ன லாபம்?"

அம்மா பச்சைக் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள். "காலைல ஏழு மணி வரைக்கும் தூங்கலாம்," என்றாள். சொல்லும்போது குரல் ஒரு நூலிழை இறங்கியது. உடனே எழுந்துவிட்டாள். "வர்றேன் சார். ஒன்பதுக்கு எனக்குக் கிளினிக்கு. இங்கேருந்து பதினாறு நிமிஷம்."

வெள்ளிக்கிழமை காலை மகளின் அட்டையில் இரண்டு புள்ளிகள்தான் இருந்தன. சம்பவம் 'பயணியின் குறுக்கீடு' என்ற தலைப்பில் பதிவாகியிருந்தது. அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் குறிப்பு, அரை நாள் பயிற்சி வகுப்பு, அதன் கீழே நிரந்தரக் கடிதம். எச்சரிக்கையின் கடைசி வரி: 'ஓட்டுநரின் நெருங்கிய உறவினர் முன் இருக்கையில் அமராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.' படிவத்தின் நகலும் இணைத்திருந்தது. அம்மாவின் கையெழுத்தை அவள் வண்டியைச் சுற்றி நடந்தபடி படித்தாள். ஒரு சுற்றில் முடியவில்லை. மூன்று சுற்று நடந்தாள். கொக்கு இருக்கையிலிருந்து இறங்கி, "என்ன அரை டிக்கெட், டயரு இன்னிக்கு அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையணையைத் தேடினாள்.

அவள் அறைக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. ஆறு பெட்டியும் நான்கு கம்ப்ரசரும் கட்டிலுக்கு மேலே ஏறிவிட்டதாக அப்பா போனில் சொன்னார். கேட் திரும்ப மாட்டியாயிற்று; இப்போது கதவு எண் பலகையைக் கழற்றியிருக்கிறாராம். அம்மா ஏழு மணி வரை தூங்குகிறாளா என்று மகள் கேட்டாள்.

"எங்க," என்றார் அப்பா. "நாலேகாலுக்கு எழுந்து உக்காந்துக்கறா. குழாயத்தான் திறக்கறதில்ல."

டிப்போ வண்டிகளில் ஒன்றில் மட்டும், 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' பலகைக்குக் கீழே யாரோ பேனாவால் 'அம்மா உட்பட' என்று எழுதியிருக்கிறார்கள். கொக்கின் கையெழுத்து போலிருக்கிறது. நிமிஷம் சார் பார்த்துவிட்டார். அழிக்கச் சொல்லவில்லை.

நேற்று மதியம், ஒன்று ஏழுக்கு, பல் கிளினிக் நிறுத்தத்தில் அம்மா ஏறினாள். வெயில் ஏறிவிட்டதால் கோட் இல்லை. கையில் ஒரு பை. அதன் வாயில் மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது. அட்டையை வைத்தாள், மெஷின் கத்தியது. மகளைப் பார்க்காமல், பலகையைப் பார்த்து ஒரு முறை முறைத்துவிட்டு, நேரே கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். நாற்றுக்காரர் தட்டை நகர்த்தி வழி விட்டார். "இன்னிக்கு நேராத்தானேம்மா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறக்கவில்லை.

மூன்று நிமிடம். நான்காவது நிமிடத்தில் பச்சைப் பலகை தெரிந்தது. மகள் உள் கண்ணாடியைப் பார்த்தாள். பஸ்ஸின் நீளம் முழுக்கத் தாண்டி, அந்தக் கோடியில், அம்மாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை, வந்தாலும் பன்னிரண்டு மீட்டர் கேட்காது.

அவள் பார்த்தாள். நேராகப் போனாள்.

முனையைத் தாண்டிய அடுத்த வினாடி மணி அடித்தது. மணி அடித்தால் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தியே ஆக வேண்டும். மருந்துக்கடை நிறுத்தத்தில் ஓரம் கட்டி, கதவைத் திறந்தாள். போன தடவை அம்மா இறங்க வேண்டியிருந்த நிறுத்தம். இறங்கிப் பின்னால் ஐம்பது அடி நடந்தால் அவர்கள் தெரு. யாரும் இறங்கவில்லை. வெளிக்காற்று உள்ளே வந்தது. பஸ் முழுவதும் காத்திருந்தது.

"இங்க இல்ல," என்றது கடைசி வரிசைக் குரல். "லாண்டரி ஸ்டாப்பு. கை பட்டுடுச்சு."

அவள் கதவை மூடினாள்.